தட்டினா விழற ஈ

அந்தக் கதவை மட்டும் தொடாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, உங்களைத் தப்பா நினைச்சுச் சொல்லல. உள்ள அவ ஈ பிரிச்சிட்டிருக்கா. இந்த நேரத்துல கதவைத் திறந்தா வெளிக்காத்து உள்ள பூந்துடும், மயக்க மருந்துல மயங்கிக் கிடக்கற ஈயெல்லாம் முழிச்சுக்கிட்டுப் பறந்துடும். அப்புறம் அந்த ஐஸ்பெட்டிய வெறும் பெட்டியாத்தான் தூக்கிட்டுப் போகணும் நீங்க. உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தா, இதுல உக்காருங்க.

ஆமாமா, மத்தியானம் கூட்டம். பரிசு குடுக்கற குழு வந்திருக்கு. அவங்க கண்ணு முன்னாடி உங்க ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர் பாட்டிலத் தட்டணும், ஈ பொத்து பொத்துன்னு விழணும், அப்பத்தான் பரிசு. மூணு தரம் சொல்லிட்டீங்க. நான் படிக்காதவதான் தம்பி, செவிடு இல்ல.

நான் யாரா? அவளுக்கு அண்ணி. அவ அண்ணனைக் கட்டிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள நான் கால் வெச்சப்போ, அவ ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு மேசைக்கடியில உக்காந்து எறும்பு பார்த்துக்கிட்டிருந்தா. இன்னிக்கு வரைக்கும் பெருசா ஒண்ணும் மாறல. எறும்பு போயி ஈ வந்துச்சு, அவ்வளவுதான். இந்தத் தெருவுல அவளுக்கு என்ன பேர் தெரியுமா? ஈக்காரம்மா. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. அவ படிச்ச படிப்புக்கு உங்க ஆபீஸ்ல டாக்டர்னு கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டாங்களா? நீங்க கூப்பிட்டிருக்கீங்களா?

நீங்க கணக்குப் பக்கமா... சரி சரி. அப்போ உங்களுக்கு ஈயைப் பத்தித் தெரியாது. நல்லதாப் போச்சு. இல்ல, சும்மா சொன்னேன். பால் போட்ட டீயா, கறுப்பு டீயா? வேணாம்னெல்லாம் சொல்லக்கூடாது, தண்ணி ஏற்கெனவே கொதிக்குது.

எடுங்க, எடுங்க. பேசுங்க. நான் அடுப்படியில இருக்கேன்.

டைரக்டரா? என்னவாம்? பத்து நிமிஷத்துல கிளம்பறேன்னு சொல்லிட்டீங்களா? ஏன் தம்பி வாயைக் குடுக்கறீங்க? அவ வேலை உங்க பத்து நிமிஷத்துக்கெல்லாம் அடங்காது. காலையில பொறந்த பொண் ஈயை, ஆம்பள ஈ கிட்ட போறதுக்குள்ள தனியாப் பிரிச்சுடணும். நேரம் தப்பினா அதுங்க பாட்டுக்குக் குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும். அப்புறம் எந்தக் குட்டிக்கு எவன் அப்பன்னு யாருக்குத் தெரியும்? இதனாலயே அவளுக்குக் கல்யாணம் ஆகல. நிசமாத்தான் சொல்றேன். மாப்பிள்ளை பேசி எல்லாம் கூடி வந்து, பதிவாபீசுக்குக் காலையில வான்னு சொன்னா, அண்ணி, காலையில முடியாது, பொண்ணுங்க பொறக்குற நேரம்ங்கறா. மாப்பிள்ளை வீட்ல என்ன நினைச்சாங்களோ, அதோட ஆள் அனுப்பல.

சிரிக்கறீங்க. சிரிங்க. வந்ததுலேர்ந்து மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டிருந்தீங்க.

டீ எடுத்துக்குங்க. சூடு, பார்த்து.

உங்ககிட்ட நானும் ஒண்ணு கேக்கலாமா? அந்த ஈதான் உங்க கட்டடத்துலயே இருக்கே. ஒரு அலமாரி நெறைய இருக்குன்னு சொன்னா அவ. அங்க இருக்கறதத் தட்டிக் காட்டாம, என்னத்துக்கு எங்க வீட்டுப் படியேறி வந்திருக்கீங்க?

உங்களுக்குத் தெரியாதுன்னா நான் சொல்றேன். அது விழ மாட்டேங்குது. பாட்டில ஒடையற அளவுக்குத் தட்டிப் பார்த்துட்டாங்க, ஒண்ணுகூட விழல. ஏன்னு கேளுங்க. போன வருஷம் அவளை வயசாச்சுன்னு அனுப்பினீங்க இல்லியா, அப்புறம் புதுசா வந்த புள்ளைங்க அந்த பாட்டில்கள எடுத்து வளர்த்துதுங்க. நல்ல புள்ளைங்கதான், பாவம். ஒவ்வொரு தடவையும் புது பாட்டிலுக்கு மாத்தறப்போ, நல்லா துள்ளிக்கிட்டுப் பறக்கற ஈயாப் பார்த்துப் பார்த்து மாத்தியிருக்கு. நடுங்கறது, சுருண்டு கிடக்கறது, சோணி, எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுடுச்சு. நீங்களா இருந்தாலும் அதைத்தான் செய்வீங்க, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கடையில தக்காளி வாங்கறப்போ அழுகினதையா பொறுக்கறோம்? ஆனா அந்தச் சோணிக்குள்ளதான் தம்பி எல்லாமே இருந்துச்சு. கொஞ்ச மாசத்துல அந்த அலமாரி முழுக்க குண்டு குண்டா, ஒரு நோவும் இல்லாத சாதா ஈ. இவ ஆயுசு பூரா வளர்த்த வம்சம் அங்க அத்துப் போச்சு.

இங்க மட்டும் எப்படி வந்துச்சா? நீங்க தூக்கிப் போட்டதுதான். அனுப்பற அன்னிக்கு உங்க டைரக்டர், உங்க மேசையில இருக்கற பாட்டிலெல்லாம் உறைபெட்டியில வெச்சுக் கொன்னு குப்பையில போட்டுட்டு சாவியக் குடுத்துட்டுப் போங்கன்னாரு. இவ சரின்னா. இவ எதுக்குத்தான் சரின்னு சொல்லல? ஆனா கொல்றதுக்குக் கை வரல. துணிப்பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுல ஏறி வந்துட்டா. பக்கத்து சீட்டுக்காரர் ஊறுகாயான்னு கேட்டாராம்.

ஐயோ, உக்காருங்க தம்பி! எங்க எழுந்திரிக்கறீங்க?

உள்ள பேச்சு சத்தம் கேக்கலன்னா? ஈகிட்ட யாராவது பேசுவாங்களா? ஃபேன் ஓடற சத்தம் கேக்குது இல்ல, அதுதான். அவ வேலையில இருந்தா தும்மக்கூட மாட்டா. நான் வேணும்னா கூப்பிடறேன். இந்தாம்மா! ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க, சீக்கிரம் முடி! பார்த்தீங்களா, பதில் வராது. சாப்பிடக் கூப்பிட்டாலே இதே கதிதான்.

போலீசா?

சொல்லுங்க. கூப்பிடுங்க. நான் ஒண்ணும் தடுக்கல. கூப்பிட்டு என்னன்னு சொல்லுவீங்க? ஈ திருட்டுப் போயிடுச்சுன்னா? அவங்க வந்து உக்காந்து, யாரு ஈ, எப்போ போச்சு, யாரு குப்பையில போடச் சொன்னதுன்னு ஒவ்வொண்ணா விசாரிக்கட்டும். உங்க கூட்டம் முடிஞ்சு நாற்காலியெல்லாம் மடக்கி வெச்சிருப்பாங்க.

குரலை ஒசத்தாதீங்க தம்பி. உங்க வயசுக்கு எனக்குப் புள்ளை இருந்தா ரெண்டு போட்டிருப்பேன்.

சரி, விடுங்க. உங்களைச் சொல்லி என்ன, அனுப்பினா வர்றீங்க. ஈ நிறுவனத்தோட சொத்துன்னு சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காங்க, சொல்லிட்டீங்க. இப்போ நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. அந்த ஈயோட வம்சத்துல மொத ஈ எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க டைரக்டருக்கே தெரியாது. இதோ, இந்த அடுப்படியிலேர்ந்து. அப்போ உங்க இடத்துல காட்டு ஈ, அதாவது தானா வெளியில திரியற ஈ, வேணும்னு தேடுவாங்க. எங்க வீட்ல பழக்கூடையில வாழைப்பழம் கனிஞ்சு கறுத்துக் கிடக்கும், அதுல மொய்க்கும். நான் துணியால விரட்டுவேன், இவ பாட்டில் புடிச்சுக்கிட்டு நிப்பா. அண்ணி, விரட்டாதீங்க, பயப்படுதுங்கன்னு கெஞ்சுவா. எங்க வீட்டுப் பழத்தைத் தின்ன ஈ. சொத்துன்னா யார் சொத்து?

அதோட பெரிய கதை ஒண்ணு இருக்கு. என் பொண்ணு.

ஒரே பொண்ணு. சின்னதுல உருவமும் சின்னது, எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கும், அதனால சுண்டெலின்னு கூப்பிடுவோம். ஒரு நா சாப்பிட உக்காந்திருக்கு. தட்டு கீழ விழுந்துச்சு, டமார்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துல புள்ளை மல்லாக்க விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல சொருகிடுச்சு. நான் கத்தறேன், எங்க வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாம டாக்டரத் தேடி ஓடறாரு. இவ மட்டும் கத்தல. புள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலையை மடியில ஏந்திக்கிட்டு, மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா. கொஞ்ச நேரத்துல அது நின்னுச்சு. புள்ளை எழுந்து உக்காந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, தண்ணி வேணும்னு கேட்டுச்சு.

வலிப்புதான் தம்பி. அந்த வார்த்தையச் சொல்றதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு ஆய்வுக்கூடத்துல இவ ஒரு பாட்டில மேசைமேல வெச்சிருக்கா, கை தவறி கொஞ்சம் பலமா வெச்சுட்டா. உள்ள எல்லா ஈயும் பறக்குது, நாலஞ்சு மட்டும் மல்லாக்க விழுந்து காலை வெட்டி வெட்டி இழுக்குது. அப்புறம் எழுந்து ஒண்ணும் நடக்காத மாதிரி நடக்குது. அந்த மாதிரி ஈயை அங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. சீக்கு ஈன்னு கொட்டிடுவாங்க. இவளால கொட்ட முடியல. எப்படி முடியும்? மடியில ஏந்தினவ ஆச்சே. அன்னிக்கு வீட்டுக்கு வந்து இதே அடுப்படியில நின்னு, அண்ணி, நம்ம சுண்டெலி மாதிரி ஒரு ஈ இருக்குன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க! என் புள்ளைய ஈயோட சேக்கறியாடின்னு ரெண்டு நாள் அவகிட்ட பேசல.

அப்புறம்தான் மெதுமெதுவா எனக்குப் பிடிபட்டுச்சு. ஒரு ஈ விழுந்தா அதோட குட்டியும் விழுது, பேத்தியும் விழுது. ஒடம்புக்குள்ள எங்கயோ எழுதி வெச்சிருக்கு, அதுல ஒரு எடத்துல தப்பு. அந்த எடத்தத் தேடித்தான் போனா. அவ முடி நரைச்சது அதுலதான். கண்டும் புடிச்சா. அதே தப்பு மனுசங்களுக்கும் இருக்குன்னு ஆஸ்பத்திரிக்காரங்க ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க. மருந்து வந்துடல, பொய் சொல்ல மாட்டேன். என் பொண்ணு இன்னும் விழத்தான் செய்யறா. ஆனா ஏன் விழறான்னு தெரியும். சாபம், பாவம், பெத்தவ செஞ்ச தப்புன்னு எத்தனை பேர் என் காதுபடச் சொன்னாங்க? அந்த வாயையெல்லாம் அடைச்சது இந்த ஈதான்.

போனைப் பாருங்க, மறுபடி அடிக்குது. எடுக்கலியா? எடுக்காதீங்க, அதுவும் சரிதான்.

அந்தத் தப்புக்கு ஒரு பேர் வெக்கணுமாம். கண்டுபிடிச்சவங்க வெக்கறதுதான் வழக்கமாம். இவ சுண்டெலின்னு வெச்சா. ஊரெல்லாம், உலகமெல்லாம் அந்தப் பேர்லதான் படிப்பாங்க அண்ணின்னு சொல்லி ராத்திரி என் பொண்ணைத் தூக்கிச் சுத்தினா. உங்க டைரக்டர் பார்த்துட்டு, ஈக்கு யாராவது எலின்னு பேர் வெப்பாங்களான்னு சிரிச்சாராம். சிரிச்சிட்டு அதை அடிச்சிட்டு, தன் பேர்லேர்ந்து ரெண்டு எழுத்தை எடுத்துப் போட்டுட்டாரு. அச்சுல வந்தப்போ மேல அவர் பேர், கூட இன்னும் ரெண்டு ஆம்பளைங்க பேர். அவங்க ஒரு ஈயைத் தொட்டுப் பார்த்தவங்க இல்ல. இவ பேர் எங்கன்னு என் பொண்ணுதான் தேடிக் கண்டுபிடிச்சா. கடைசிப் பக்கத்துல, உதவியவர்களுக்கு நன்றின்னு ஒரு வரி. அதுல ஈக்குச் சோளமாவுக் கஞ்சி காச்சற சமையல்காரர் பேருக்குப் பின்னாடி இவ பேர். அந்த சமையல்காரர் நல்ல மனுசன். வீட்டுக்கே வந்து, அம்மா, என் பேரை உங்களுக்கு முன்னால போட்டுட்டாங்கன்னு கூசிப் போயி நின்னாரு. டைரக்டருக்குக் கூசல.

ஏன் கேக்கலயா? நல்லாக் கேட்டீங்க. நான் தினம் கேப்பேன். எனக்கு வாய்தான் தம்பி சொத்து, இவளுக்கு அது சுத்தமா இல்ல. தனியா விட்டா ஈயைப் பத்தி விடிய விடியச் சொல்லுவா. நாலு பேர் சேர்ந்து திரும்பிப் பார்த்தாங்கன்னா நாக்கு ஒட்டிக்கும். ஒரே ஒரு தடவை, பெரிய கூட்டம், எழுந்து நின்னிருக்கா. அது வந்து, அது வந்துன்னு ரெண்டு தரம் சொல்லியிருக்கா. டைரக்டர், நீங்க உக்காருங்கம்மா, நான் விளக்கறேன்னு தோளைத் தட்டி உக்கார வெச்சுட்டாரு. அதோட உக்காந்தவதான். கழுவறதுக்கு பாட்டில் குடுத்தாங்க, கழுவினா. கக்கூஸுக்குப் பக்கத்துல அறை குடுத்தாங்க, போனா.

இன்னிக்கு மட்டும் அவரு தட்டி, அந்தக் குழு கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு வெச்சுக்குங்க, அப்புறம் இந்த ஜென்மத்துல யாரும் இது யாருதுன்னு கேக்கப் போறதில்ல. அது உங்களுக்கும் தெரியும். டீயைக் குடிக்காம கையிலயே வெச்சிருக்கீங்க பாருங்க, அதுலயே தெரியுது.

என்னது? அவளுக்கும் கூட்டத்துல இடம் போட்டிருக்கா? எங்க? மூணாவது வரிசையா!

ஓரத்துலயா, நடுவுலயா?

இல்ல, கேட்டேன். சால்வை கீல்வை உண்டா? சரி, விடுங்க.

தம்பி. தம்பி, நில்லுங்க. நான் சொல்றதக் கேளுங்க, இன்னும் கொஞ்ச நேரம். அவளே வந்து குடுப்பா. கையைப் புடிக்கல, சும்மா தொட்டேன். கதவைத் திறந்தா பறந்துடும்னு சொன்னேனே...

திறந்துட்டீங்களா.

சரி. திறந்தாச்சு. அந்த ஃபேனை அணைச்சிடுங்க, வெட்டியா ஓடுது.

ஆமா, இல்ல. ஆளும் இல்ல, பாட்டிலும் இல்ல. நீங்க வாசல்ல வண்டிய நிறுத்தினப்பவே பின்பக்கமா இறங்கிட்டா. எங்க வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு, அதுலதான் போறாங்க. சின்னப் புள்ளைங்க உக்கார்ற சீட்டுல பாட்டில் பெட்டி, பக்கத்துல என் பொண்ணு புடிச்சுக்கிட்டு. இந்நேரம் உங்க கூட்டத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கணும்.

யார் உள்ள விடுவாங்கன்னா? அந்தக் குழுவுல ஒரு வயசான அம்மா இருக்காங்களாமே, அவங்கதான் வரச் சொன்னது. முந்தாநாள் உங்க டைரக்டர்கிட்ட, விழற ஈ எத்தனை நேரம் கழிச்சு எழுந்திரிக்கும்னு கேட்டிருக்காங்க. அவரு முழிச்சிருக்காரு. இதை தினம் பார்த்தது யாருன்னு கேட்டிருக்காங்க. உங்க சமையல்காரர்தான் இந்த வீட்டு நம்பரக் குடுத்தாரு.

நேத்தே போயிருக்கலாம்தான். இவளுக்குத் தைரியம் வரணுமே. இன்னிக்குக் காலையிலகூட, வேணாம் அண்ணி, அவரே எடுத்துட்டுப் போகட்டும், ஈ பொழைச்சாப் போதும்னு உக்காந்துட்டா. உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் என் பொண்ணுதான் பெட்டியத் தூக்கிட்டு நடந்தா. அப்புறம் இவ எழுந்தா. அத்தனை பேர் முன்னாடி நான் என்ன பேசுவேன்னு கேக்கறா. நீ ஒண்ணும் பேச வேணாம்டி, தட்டு, அவங்க கண்ணால பார்க்கட்டும், வந்திருக்கறவர்கிட்ட பேசற வேலையை நான் பார்த்துக்கறேன்னு பின்பக்கக் கதவைச் சாத்தினேன்.

உக்காருங்க. இனி ஓடி என்ன பண்ணப் போறீங்க? எனக்கும்தான் ஒண்ணு தெரியணும். அந்த ஈ ஒரு தடவை விழுந்து எழுந்துச்சுன்னா, கொஞ்ச நேரத்துக்கு எப்படித் தட்டினாலும் விழாது. ஒடம்புக்கு ஓய்வு வேணுமாம். வேன் எங்கயாவது பள்ளத்துல இறங்கி ஒரு குலுக்கு குலுக்கியிருந்தா, வழியிலயே எல்லாம் விழுந்து முடிச்சிருக்கும். அங்க போயி இவ தட்டறா, ஒண்ணும் விழல, எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க... தூங்கற கொழந்தைய ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுங்கன்னு அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்.

போன் அடிக்குது. எடுங்க தம்பி, இந்தத் தடவை எடுங்க.

என்ன சொல்றாங்க? இல்ல, திட்டறதெல்லாம் அப்புறம் கேளுங்க, மொதல்ல இதைக் கேளுங்க. தட்டினாளாமா?

விழுந்துச்சாமா?